மழை மண்ணுக்குள் இறங்கும் வழி: உழவும் பயிர் சுழற்சியும் செய்யும் மாற்றம்

ஒரு மணி நேரம் விடாமல் அடித்த மழை ஓய்ந்ததும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வயல்களைப் பாருங்கள். நடுவில் ஒரு வரப்புதான். மண் ஒரே வகை, சரிவு ஒரே அளவு, விழுந்த மழையும் ஒன்றுதான். ஆனால் ஒரு வயலில் காவி நிறத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. பள்ளமான இடங்களில் குட்டைபோல் தேங்கி நிற்கிறது. பக்கத்து வயலில் தேங்கிய நீர் கண்ணில் படவில்லை. காலை வைத்தால் மண் மெத்தென்று அமுங்குகிறது, அவ்வளவுதான். பத்து நாள் வெயில் காய்ந்தபின் எந்த வயலில் பயிர் முதலில் வாடும் என்பதை அந்த நேரத்திலேயே சொல்லிவிடலாம். மழைமானி இரண்டு வயலுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பயிருக்குக் கிடைத்த மழை ஒன்றல்ல.

25 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பாதி ஓடிவிட்டால் 50 ஆயிரம் லிட்டர் போயிற்று. கூடவே நல்ல மேல்மண்ணும் போட்ட உரமும் போயின. இந்த இழப்பு எவ்வளவு என்பதை மண் வகை மட்டும் முடிவு செய்வதில்லை. நிலத்தை எப்படி உழுகிறோம், எதற்குப் பின் எதை விதைக்கிறோம் என்பதும் முடிவு செய்கிறது. மண் வகையை மாற்றுவது யாராலும் ஆகாது. மற்ற இரண்டும் சாகுபடி செய்பவர் கையில் இருக்கின்றன.

"உழுதால் தண்ணீர் இறங்கும்" என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் பேச்சு. "உழவே கூடாது, உழாவிட்டால்தான் தண்ணீர் இறங்கும்" என்பது கடந்த சில பத்தாண்டுகளில் வலுத்த பேச்சு. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை இல்லை. எங்கே எது சரி என்று புரிய, தண்ணீர் மண்ணுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

துளையின் அளவே எல்லாம்

நல்ல நிலையில் உள்ள மேல்மண்ணில் கிட்டத்தட்ட பாதி அளவுதான் மண். மீதிப் பாதி வெற்றிடம். அதில் காற்றோ நீரோ இருக்கும். இந்த வெற்றிடம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. களிமண் துகள்களுக்கு இடையே கண்ணுக்கே தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகமாகக் கீழே விடாது. மண்புழு போன பாதை, பழைய வேர் மக்கிப்போன குழாய், மண் கட்டிகளுக்கு இடையே உள்ள வெடிப்பு ஆகியவை பெருந்துளைகள். அடைமழையை உள்ளே இழுப்பவை இவைதான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். குழாய் ஒன்றின் வழியே ஓடும் நீரின் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 2 மடங்கானால் நீர் 16 மடங்கு போகும். 10 மடங்கானால் 10,000 மடங்கு. அதாவது, பென்சில் நுழையும் அளவுள்ள ஒரே ஒரு புழுப்பாதை, பல்லாயிரம் நுண்துளைகள் சேர்ந்தும் செய்ய முடியாத வேலையைச் செய்துவிடும். மண்ணில் மொத்த வெற்றிடம் எத்தனை சதவீதம் என்பதைவிட, மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் போகும் பெரிய துளைகள் எத்தனை என்பதுதான் முக்கியம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் உழவு பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காய்ந்த மண்ணில் மழை விழுந்தால் முதல் சில நிமிடங்கள் தண்ணீர் வேகமாக உள்ளே போகும். நேரம் ஆக ஆக வேகம் குறைந்து ஒரு நிலையான அளவுக்கு வந்து நிற்கும். 1933-ல் அமெரிக்க நீரியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டன் இதைத்தான் விளக்கினார்: மண் குடிக்கும் வேகத்தைவிட மழையின் வேகம் மிஞ்சும்போது, மிச்சம் நிலத்தின் மேல் ஓடுகிறது. அந்த நிலையான வேகம் மணல் நிலத்தில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். மணலும் களியும் கலந்த இருமண்பாட்டு நிலத்தில் 10 முதல் 20 வரை. கெட்டிக் களிமண்ணில் 1 முதல் 5 வரைதான். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையின் முன், மணலைத் தவிர மற்றவை எல்லாம் சிறிய எண்கள். ஆனால் இவை பொதுவான எண்கள் மட்டுமே. ஒரே களிமண், மேலாண்மையைப் பொறுத்து இதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் குடிக்கும், அறவே குடிக்காமலும் போகும்.

குடிப்பதைத் தடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மண்ணின் மேற்பரப்பு. மற்றொன்று உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் இறுகிய படுகை. மேல் கதவு, கீழ்க் கதவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மேல் கதவை அடைப்பது மழைத்துளியே

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. வெறும் மண்ணாக இருந்தால் அந்த அடியில் கட்டி சிதறித் தூளாகிறது. அந்த மெல்லிய தூள் பக்கத்தில் இருக்கும் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. மழை நின்று வெயில் காய்ந்ததும் மேலே மெல்லிய ஓடு ஒன்று இறுகியிருக்கும். இதுதான் பொருக்கு. கனம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குக் கீழே எவ்வளவு பொலபொலப்பான மண் இருந்தாலும் அடுத்த மழையின் பெரும்பகுதியை அது வெளியே தள்ளிவிடும். முளைத்து வரும் பயறு விதை தலையை நீட்ட முடியாமல் பொருக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் வலிமை தெரியும்.

எந்த மண் பொருக்குப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். வருடம் பல தடவை உழுத வயலிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு கட்டி எடுங்கள். வரப்போரம் புல் வளர்ந்த இடத்திலிருந்து அதே மண்ணில் இன்னொரு கட்டி எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, டம்ளரின் வாயில் கம்பி வலைத் துண்டை வளைத்துத் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும்படி வலைமேல் கட்டியை மெதுவாக வையுங்கள்.

உழுத வயலின் கட்டியிலிருந்து முதலில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் வரும். பிறகு ஓரங்கள் உதிரும். சில நிமிடங்களில் கட்டி கரைந்து வலை வழியாக இறங்கிவிடும், தண்ணீர் கலங்கிவிடும். வரப்போரத்துக் கட்டி ஒருசில துகள்களை உதிர்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். தண்ணீரும் தெளிவாக இருக்கும். மண் ஒன்றுதான், மணல், வண்டல், களி விகிதம் ஒன்றுதான். ஒன்றைக் கட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பசை மற்றதில் இல்லை.

அந்தப் பசை எங்கிருந்து வருகிறது? உயிருள்ள வேர் வெளியிடும் கசிவு, நுண்ணுயிர்கள் சுரக்கும் பிசுபிசுப்பு, மண் துகள்களைச் சுற்றிப் பின்னும் பூஞ்சை இழை, மக்கிய கரிமப் பொருள் ஆகியவைதான். உழும்போது இந்தப் பூஞ்சை இழைகள் அறுகின்றன. கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த கரிமப் பொருளுக்குக் காற்று படுகிறது. நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. ஒரு உழவில் பெரிதாக எதுவும் தெரியாது. வருடத்துக்கு நான்கைந்து உழவு, இருபது வருடம் என்றால் டம்ளரில் தெரியும்.

கலப்பை செய்வது என்ன

உழுத அன்றைக்கு மண் பஞ்சுபோல் இருக்கும். அன்று மழை பெய்தால், உழாத நிலத்தைவிட அதிகமாகவே குடிக்கும். பொருக்கு உடைந்திருக்கிறது, கட்டிகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளிகள் இருக்கின்றன, உழவுச் சாலில் தண்ணீர் நின்று நிதானமாக இறங்குகிறது. சரிவுக்குக் குறுக்கே உழுதிருந்தால் இன்னும் நல்லது. கோடை உழவு செய்து முதல் மழையைப் பிடிப்பதன் காரணம் இதுதான். அந்த அனுபவ அறிவு தவறானது இல்லை.

ஆனால் கலப்பை திறந்த இடைவெளிகளுக்கு ஆயுள் குறைவு. அவை பிணைப்பில்லாத கட்டிகளுக்கு நடுவே உள்ள வெறும் இடுக்குகள். இரண்டு மூன்று நல்ல மழை விழுந்ததும் கட்டிகள் கரைந்து சரிந்து இடுக்குகள் மூடிக்கொள்ளும். பருவத்தின் நடுவில், பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், உழுத நிலம் உழாத நிலத்தைவிடக் குறைவாகக் குடிக்கும் நிலைக்கு வந்துவிடும். வேரும் புழுவும் போட்ட துளைக்குச் சுவரில் பசைப் பூச்சு இருக்கிறது. கலப்பை போட்ட இடுக்குக்கு அது இல்லை. இதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. மேலிருந்து ஒரு மீட்டர் ஆழம்வரை போயிருந்த புழுப்பாதையின் தலையை கலப்பை வெட்டிவிடுகிறது. கீழே பாதை அப்படியே இருக்கும். ஆனால் வாய் மூடிய கிணறு அது. மேலிருந்து ஒரு சொட்டும் போகாது.

இனி கீழ்க் கதவு. ஒரே கலப்பையால், ஒரே ஆழத்தில், வருடக் கணக்கில் உழுதால், கொழு உரசிப் போகும் மட்டத்தில் மண் தேய்ந்து, அழுந்தி, பலகைபோல் ஆகிவிடும். பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். சுழற்கலப்பை என்று சொல்லப்படும் ரோட்டவேட்டரின் கத்திகள் இதைவிட மேலேயே, குறைந்த ஆழத்தில், மண்ணை மாவாக அரைத்துவிட்டு அடியில் ஒரு வழுக்குப் பரப்பை இழுகிவிடுகின்றன. பார்க்க அழகான விதைப்படுக்கை கிடைக்கும். மழையைக் குடிக்கும் விஷயத்தில், ஈரம் அதிகமாக இருக்கும்போது ரோட்டவேட்டர் ஓட்டுவதைப்போல் கெடுதல் செய்யும் வேலை வேறு அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ஈரம் என்பது இங்கே பெரிய விஷயம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். திரியாக உருண்டு வந்தால் உழவுக்குப் பதம் வரவில்லை என்று பொருள்; அந்த நேரத்தில் டிராக்டர் இறங்கினால் மண் உடையாது, பிசையப்படும். நொறுங்கி உதிர்ந்தால் பதம். டிராக்டர் சக்கரம் மேல்மண்ணை அழுத்துவது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தில் அழுத்துவது அச்சின் மேல் ஏறும் மொத்த எடையைப் பொறுத்தது. கனரக அறுவடை இயந்திரங்களின் எடை, கலப்பையே எட்டாத ஆழத்தில் மண்ணை நெருக்கிவிடும். மேல்மண்ணைத் திரும்ப உழுது தளர்த்தலாம். அந்த ஆழத்து இறுக்கத்தைப் போக்குவது மிகவும் கடினம்.

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்ற பழமொழி, மரக்கலப்பை ஒரு சாண்கூட இறங்காத காலத்துப் பேச்சு. இறுகிய படுகை இருக்கும் நிலத்தில் உளிக்கலப்பையால் மண்ணைப் புரட்டாமல் கீறிவிடுவது இன்றும் பயன் தரும். மண் காய்ந்திருக்கும்போது கீறினால்தான் படுகை வெடித்து விரியும். கீறிய வெடிப்பை நிரப்ப உடனே வேர் இறங்க வேண்டும். வேர் இறங்காமல், திரும்பவும் சேற்றில் சக்கரம் ஓட்டினால், ஒன்றிரண்டு பருவத்தில் படுகை பழையபடி கூடிவிடும். செலவு செய்து திறந்த கதவு செலவே இல்லாமல் சாத்திக்கொள்ளும்.

நெல் வயல் இதற்கு நேர் எதிரான உதாரணம். அங்கே தண்ணீர் இறங்கக் கூடாது என்பதற்காகவே சேற்றுழவு செய்கிறோம். தொளி கலக்கும்போது கட்டிகள் எல்லாம் கரைந்து, பெருந்துளைகள் அடைபட்டு, அடியில் படுகை உருவாகிறது. நெல்லுக்கு அது வரம். உழவு எவ்வளவு முழுமையாக மண்ணின் துளைகளை அழிக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றும் இல்லை. நெல்லுக்குப் பின் அதே வயலில் மக்காச்சோளமோ கடலையோ வைக்கும்போது தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுவதும், பிறகு சீக்கிரமே வறட்சி தெரிவதும் இந்தப் படுகையால்தான்.

உழவை நிறுத்தினால் போதுமா

1930-களில் அமெரிக்காவின் சமவெளிகளில் வறட்சியோடு புழுதிப்புயல் சேர்ந்து வந்தபோது, அளவில்லாமல் உழுததன் விலை உலகத்துக்குத் தெரிந்தது. அறுவடைக் கழிவை நிலத்தின் மேல் மூடாக்காகப் போட்டுவைத்து உழவைக் குறைக்கும் முயற்சிகள் அங்கிருந்து வேகம் பிடித்தன. களைக்கொல்லிகள் வந்தபின், 1962-ல் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி உழாமலேயே விதைத்து வணிக அளவில் பயிர் எடுத்தார். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ரோலாந்தியா என்ற ஊரில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயியின் நிலத்தில், கனமழை ஒவ்வொரு முறையும் விதையையும் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அவர் 1972-ல் கென்டக்கி போய் ஹாரி யங்கின் வயலைப் பார்த்து, உழாமல் விதைக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைத்து, அதே ஆண்டு தன் நிலத்தில் தொடங்கினார். இன்று பிரேசிலில் கோடிக்கணக்கான ஏக்கரில் அந்த முறை பரவியிருக்கிறது.

போர்த்துகீசிய மொழியில் அங்கே இதற்கு வைத்த பெயர் கவனிக்கத்தக்கது: "வைக்கோல் மேல் நேரடி விதைப்பு." உழவில்லை என்பது அந்தப் பெயரில் இல்லை, வைக்கோல் இருக்கிறது. தெற்கு பிரேசிலில் சோயாவுக்கு நடுவே கறுப்பு ஓட்ஸும் தீவன முள்ளங்கியும் விதைத்து, வளர்ந்ததும் தரையோடு சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மூடாக்கும் வேரும் சேர்ந்துதான் அங்கே மழையைப் பிடித்தன.

உழவை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை எல்லாம் பழையபடி விட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 2019-ல் ஆண்ட்ரியா பாஷே, மார்சியா டெலாங் என்ற இரு ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடந்த 89 வயல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புல், மரம் போன்ற பல்லாண்டுத் தாவரங்களைச் சேர்த்த இடங்களில் நீர் இறங்கும் வேகம் சராசரியாக 59 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பயிருக்கு நடுவே மூடுபயிர் வளர்த்த இடங்களில் சுமார் 35 சதவீதம். உழவை நிறுத்தியதால் மட்டும் வந்த கூடுதல், சராசரியில் 6 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தற்செயல் வேறுபாட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. மழை அதிகமுள்ள பகுதிகளிலும், அறுவடைக் கழிவை வயலிலேயே விட்ட இடங்களிலும்தான் உழவில்லா முறை தெளிவான பலனைக் காட்டியது.

இந்த முடிவைப் படித்துவிட்டு உழவில்லா முறையில் பயனில்லை என்று சொல்வது அவசரம். இதுவரை பார்த்த துளைக் கணக்கோடு அதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கலப்பையை நிறுத்தினால் துளைகள் அழிவது நிற்கிறது. துளை போடும் வேலை தானாக நடந்துவிடாது. அதைச் செய்ய வேர் வேண்டும், புழு வேண்டும். புழுவுக்குத் தீனி வேண்டும். தட்டையை எல்லாம் மாட்டுக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொளுத்திவிட்டு, வெறும் தரையில் உழாமல் விதைத்தால், மழைத்துளி முன்போலவே பொருக்குப் போடும், உடைக்கவும் ஆளில்லை. அப்படிப்பட்ட நிலம் உழுத நிலத்தைவிடக் குறைவாகக் குடிப்பதில் வியப்பில்லை. முதல் சில வருடங்கள் எல்லா நிலத்திலுமே கடினம்தான். கலப்பையின் தளர்வும் இல்லை, வேரின் பாதையும் இன்னும் வரவில்லை என்ற இடைக்காலம் அது. அந்த நேரத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

மூடாக்கு கிடந்தால் துளைக்கத் தயாராக இருப்பவை எங்கும் உண்டு. புர்கினா ஃபாசோவில் பொருக்கு இறுகி, ஒன்றும் முளைக்காமல் கிடந்த தரிசில் வைக்கோலைப் பரப்பி ஆய்வு செய்தார்கள். வைக்கோலைத் தேடிக் கரையான் வந்தது. இறுகிய பொருக்கைத் துளைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் போனது. அந்தத் துளைகள் வழியே மழை இறங்கியது, செடி முளைத்தது. கரையானைப் பூச்சிக்கொல்லியால் தடுத்த பகுதியில் வைக்கோல் கிடந்தும் அந்த மாற்றம் அவ்வளவாக வரவில்லை.

வேர்களின் வரிசை

பயிர் சுழற்சி என்றால் பூச்சி, நோய், தழைச்சத்து என்றுதான் பேச்சு வரும். தண்ணீர் இறங்கும் விஷயத்தில் அதைப் பார்க்க வேண்டிய கண் வேறு. ஒவ்வொரு பயிரும் ஒரு வகைக் கருவி. சோளம், கம்பு, மக்காச்சோளம், கோதுமை போன்ற புல்லினப் பயிர்களுக்குச் சல்லிவேர். மேல் ஓரடி மண்ணில் மயிரிழை வேர்கள் வலைபோல் பின்னிக்கொண்டு, மண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டிப் போடும். தட்டையும் அதிகம்; மெதுவாக மக்கும். மேல் கதவைத் திறந்து வைப்பது இவைதான்.

துவரை, ஆமணக்கு, சூரியகாந்தி, குதிரை மசால், முள்ளங்கி போன்றவற்றுக்கு ஆணிவேர். தடித்து, நேராகக் கீழே இறங்கும். குதிரை மசாலின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. அந்த வேர் செத்து மக்கியபின் அதே இடத்தில் நேர்க்குழாய் ஒன்று மிஞ்சுகிறது. அடுத்து வரும் பயிரின் வேர், தானே இறுகிய மண்ணைத் துளைக்க வலுவில்லாவிட்டாலும், அந்தப் பழைய குழாய் வழியாகக் கீழே இறங்கிவிடும். தண்ணீரும் அப்படியே. கீழ்க் கதவில் ஓட்டை போடுவது இந்த வகை. படுகை மிகவும் இறுகிவிட்ட நிலத்தில் ஆணிவேரும் தோற்றுப்போகும். அப்படிப்பட்ட வயலில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் ஒரு சாண் இறங்கி, அங்கிருந்து முழங்கைபோல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். அந்த வளைவைப் பார்த்த நிலத்தில் ஒரு தடவை உளிக்கலப்பை ஓட்டிவிட்டு, கையோடு துவரை போன்ற பயிரை வைப்பதுதான் முறை.

ஆழமான வேர் இன்னொரு வேலையும் செய்கிறது. அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி அதைக் காயவைக்கிறது. களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். இறுகிய களிப்படுகையில் இந்த நுண்வெடிப்புகள் விழுவதால் அது தானாகத் தளர்கிறது. வருடம் முழுக்க ஒரே ஆழத்தில் ஈரமாகவே இருக்கும் நிலத்தில் இது நடப்பதில்லை.

பயிரை மாற்றினாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன தொகுப்பாய்வில்கூட பயிர் சுழற்சிக்கு மட்டும் தனியாகத் தெளிவான பலன் தெரியவில்லை. எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மக்காச்சோளம் மட்டுமே பயிரிட்ட நிலத்தில் ஒரு வருடம் உளுந்து வைத்தால் தழைச்சத்து கூடும். ஆனால் உளுந்தின் சருகு கொஞ்சம். அதுவும் சில வாரங்களில் மக்கிவிடும். அதற்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடந்தால் மழைத்துளிக்குக் கொண்டாட்டம். பருத்திக்குப் பின் கடலை, கடலைக்குப் பின் உளுந்து என்று போனால் ஏட்டில் சுழற்சிதான். நிலத்தின் மேல் மிஞ்சும் மூடாக்கு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கடலையைப் பறிக்கும்போது மண்ணையும் கிளறிவிடுகிறோம். நீர் இறங்குவதற்கான சுழற்சியில் தட்டை அதிகம் தரும் தானியம் ஒன்று, ஆணிவேர்ப் பயிர் ஒன்று, இடைக்காலத்தில் நிலத்தை மூடி வைக்கும் பயிர் ஒன்று என மூன்றும் இருக்க வேண்டும். சணப்பை, தக்கைப்பூண்டு, கொள்ளு போன்றவை அந்த மூன்றாம் இடத்துக்குப் பொருந்தும். மழை குறைந்த மானாவாரி நிலத்தில் மூடுபயிரே இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே அதைப் பூக்கும் முன்பே படுக்க வைத்துவிட வேண்டும்.

வரிசையில் புல்லை இரண்டு மூன்று வருடம் விட முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. கலப்பை படாத காலம், அடர்ந்த வேர், இடைவிடாத நிழல் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது புல்லில்தான். வரப்போரத்துக் கட்டி டம்ளரில் கரையாமல் இருந்ததும் இதனால்தான். ஆனால் ஈரத்தில் மாட்டை விட்டு அளவுக்கு மீறி மேயவிட்டால் குளம்பே சக்கரம்போல் மண்ணை இறுக்கிவிடும்.

எல்லா நிலத்துக்கும் ஒரே பதில் இல்லை

சோடியம் மிகுந்த களர் நிலத்தில் களித்துகள்கள் தண்ணீர் பட்டதும் பிரிந்து மிதக்கும். அங்கே வேர், மூடாக்கு எல்லாம் இரண்டாம் கட்டம். முதலில் ஜிப்சம் இட்டு, சோடியத்தைக் கால்சியத்தால் விலக்கி, நல்ல நீரால் கழுவி இறக்க வேண்டும். கரிசலில் கோடையில் விழும் வெடிப்புகள் முதல் மழையை நேராக ஆழத்துக்கு அனுப்பிவிடும். மண் ஊதி வெடிப்பு மூடியதும் குடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே உழவின் பங்கு செம்மண்ணில் இருப்பதுபோல் இருக்காது. மணல் நிலத்தில் நீர் இறங்குவது பிரச்சினையே இல்லை, நிற்காமல் போவதுதான் பிரச்சினை. செம்மண்ணில் காய்ந்ததும் செங்கல்லாக இறுகும் வகைகள் உண்டு; அவற்றில் மூடாக்கு போதுமான அளவு சேரும்வரை உழவை அடியோடு விடுவது பயிரைக் கெடுக்கும். தேவையான இடத்தில், தேவையான வருடத்தில் மட்டும் ஒரு உழவு என்பது தோல்வி இல்லை.

பெருந்துளைகளுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. மழையை வேகமாக இறக்கும் அதே குழாய், யூரியா போட்ட மறுநாள் கொட்டும் மழையில் அந்த யூரியாவையும், தெளித்த மருந்தையும் மண் வடிகட்டும் முன்பே ஆழத்துக்குக் கொண்டுபோகும். உழவில்லா நிலத்தில் களைக்கொல்லியையே நம்பி இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நிலத்தடி நீர் கூடும்போது அது நல்ல நீராகவும் இருக்க வேண்டும்.

நம் நிலத்தை நாமே அளப்பது

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பி.வி.சி. குழாயில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒரு பலகையை வைத்துத் தட்டி, பாதிக்கு மேல் மண்ணில் இறக்குங்கள். வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் 440 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வளையத்துக்கு அது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். தாளை மெதுவாக உருவிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். தாள் இல்லாமல் நேராக ஊற்றினால் தண்ணீரே மண்ணைக் கலக்கித் துளையை அடைத்துவிடும். முதல் தண்ணீர் மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் அதே அளவு இரண்டாவது முறை ஊற்றி, மேலே பளபளப்பு மறையும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 150 மில்லிமீட்டர்; ஒரு மணி நேரம் ஆனால் மணிக்கு 25 தான்.

ஒரே ஒரு இடத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவோம். வளையத்துக்குள் ஒரு புழுத்துளை இருந்தாலே எண் எகிறிவிடும். சக்கரம் போன தடத்தில் ஒன்று, பயிர் வரிசையில் இரண்டு, வரப்போரப் புல்லில் ஒன்று என்று நான்கைந்து இடமாவது வேண்டும். உழுத மறுநாள் அளப்பது வீண். மூன்று நான்கு மழை விழுந்து மண் அமர்ந்தபின் அளப்பதுதான் உண்மையைச் சொல்லும். அளந்த இடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு கத்தி முனையால் குழியின் சுவரை மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வாருங்கள். கத்தி திடீரென்று இறங்க மறுக்கும் ஆழமும், அங்கே வேர் நேராகப் போகிறதா மடங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். தேதி, பயிர், கடைசியாக உழுத நாள், இரண்டாவது தண்ணீர் இறங்கிய நேரம், கத்தி நின்ற ஆழம் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வருடம் அதே பருவத்தில் அதே இடங்களில் வளையத்தை இறக்கலாம்.